மாஸ்டடான் கணக்கு முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி வாரியாகச் சில வழிமுறைகள்

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறிய பிறகு, எங்கள் பினாங்கு வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியே நடத்தும் கணினிகள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம் அது. கணினித் துறையில் வேலை செய்பவன் என்ற ஒரே காரணத்தால், யாருடைய கணக்கு முரண்டு பிடித்தாலும் அவருடைய கைப்பேசி என் கைக்கு வந்து சேர்ந்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கூடும் மாமாக் கடையில், தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துபோன பிழைகளே மிகுதி; சில மட்டும் வாரக்கணக்கில் இழுத்தன. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவோ இழப்போ இல்லாத காரணத்தை முதலிலும், காசோ பதிவுகளோ கையை விட்டுப் போகக்கூடிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் கணக்கின் முழு முகவரியை எழுதுங்கள். முதலில் ஒரு @ குறி, பிறகு பயனர் பெயர், மீண்டும் ஒரு @ குறி, பிறகு உங்கள் கணக்கு இருக்கும் வழங்கியின், அதாவது சர்வரின், பெயர். தபால்காரரிடம் ‘முருகையா வீடு எது?’ என்று மட்டும் கேட்டால் அவர் ‘எந்தத் தாமான்?’ (எந்தக் குடியிருப்பு?) என்று திருப்பிக் கேட்பார் அல்லவா? வழங்கியின் பெயர்தான் இங்கே தாமான். என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை தாமானை மறந்ததால் வந்தவையே.

அறிகுறி 1: உள்நுழைய முடியவில்லை

*‘மின்னஞ்சலோ கடவுச்சொல்லோ தவறு’ என்று சொன்னால்*

நீங்கள் தட்டுவது வேறொருவர் வீட்டுக் கதவாக இருக்கலாம். அதிகாரபூர்வச் செயலியில் புதிதாகக் கணக்குத் திறப்பவர்களுக்கு மாஸ்டடான்.சோஷியல் என்ற பெரிய வழங்கியே முதலில் முன்வைக்கப்படுகிறது. நண்பர் பரிந்துரைத்த சிறிய வழங்கியில் சேர்ந்தவரோ, கைப்பேசியை மாற்றியபின் அந்தப் பெரிய வழங்கியின் வாசலில் நின்றுகொண்டு தம் சரியான கடவுச்சொல்லைப் பத்து முறை உள்ளிடுகிறார். உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் ‘மாஸ்டடான்’ என்று தேடி, கணக்குத் திறந்த நாளில் வந்த முதல் உறுதிப்படுத்தல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள இணைப்பு எந்த வழங்கிக்குச் செல்கிறதோ, அங்கேதான் உங்கள் கணக்கு இருக்கிறது.

வழங்கி சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லை என்றால் விசைப்பலகையைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும்போது முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாக மாறுவதும், பரிந்துரைக்கப்பட்ட சொல்லைத் தொட்டதால் இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வதும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள். கடவுச்சொல்லைக் காட்டும் கண் குறியைத் தொட்டுவிட்டு உள்ளிடுங்கள்.

அதற்கும் பிறகுதான் கடவுச்சொல்லை மீட்டமைக்க வேண்டும். மீட்புக் கடிதம் வரவில்லை என்றால் ஸ்பேம் கோப்புறையைப் பாருங்கள். ‘உங்கள் மின்னஞ்சல் எங்களிடம் இருந்தால் கடிதம் வரும்’ என்ற வாசகத்தை, அந்த மின்னஞ்சல் பதிவாகி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழங்கி ஒரே மாதிரிதான் காட்டும். ஆகவே அந்த வாசகத்தைக் கண்டு கடிதம் வந்துகொண்டிருப்பதாக எண்ணிக் காத்திருப்பதில் பயனில்லை. பழைய அலுவலக மின்னஞ்சலில் கணக்குத் திறந்துவிட்டு வேலையை விட்டவர்கள் எங்கள் வட்டத்தில் மூவர் இருந்தார்கள். அவர்களுக்கு வழங்கியின் நிர்வாகியிடம் எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

*ஆறு இலக்கக் குறியீட்டை ஏற்க மறுத்தால்*

இருபடிச் சரிபார்ப்புச் செயலி காட்டும் எண் 30 நொடிக்கு ஒரு முறை மாறுவது; அது கைப்பேசியின் கடிகாரத்தை நம்பி உருவாகிறது. சென்னைக்குப் போய்வந்த ஒருவர், அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால் இருந்ததைக் கண்டு, நேர மண்டலத்தை மாற்றாமல் கடிகார முள்ளைத் தள்ளி வைப்பதுபோலக் கையால் நேரத்தை மாற்றியிருந்தார். அன்று முதல் அவருடைய எந்தக் குறியீடும் செல்லவில்லை. கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று அவர் ஒரு வாரம் தூக்கமின்றி இருந்தார். தேதியும் நேரமும் தானாக அமையட்டும் என்ற விருப்பத்தை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

கைப்பேசியையே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழையதைத் தம்பி தங்கைக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். குறியீட்டுச் செயலி இன்னும் அதில் இருக்கக்கூடும். இல்லையென்றால், இருபடிச் சரிபார்ப்பை அமைத்த அன்று வழங்கி கொடுத்த 10 மீட்புக் குறியீடுகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவையும் இல்லாதபோது, கணக்கில் பதிவான அதே மின்னஞ்சலிலிருந்து நிர்வாகிக்கு எழுதி இருபடிச் சரிபார்ப்பை நீக்கித் தரக் கேட்க வேண்டும். பெரும்பாலான நிர்வாகிகள் சம்பளமின்றி, தம் வேலை நேரத்துக்குப் பிறகு இதைச் செய்கிறவர்கள் என்பதை நினைவில் வைத்து எழுதினால் பதில் விரைவில் வரும்.

*‘கணக்கு முடக்கப்பட்டது’ என்று வந்தால்*

இது பிழையன்று, முடிவு. அறிவிப்பு வந்த 20 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சுருக்கமாக, கோபமின்றி எழுதுங்கள்.

அறிகுறி 2: ஒருவரைத் தேடினால் கிடைக்கவில்லை

தமிழில் தேடியிருப்பீர்கள். காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், மாஸ்டடானில் பயனர் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமையும். செல்லினம் விசைப்பலகையில் அழகாகத் தட்டச்சு செய்த பெயரை உங்கள் வழங்கி இதுவரை பார்த்ததே இல்லை என்றால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். முழு முகவரியைக் கேட்டு வாங்கி, இரண்டு @ குறிகளோடு தேடல் பெட்டியில் இடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், உலாவியில் அவருடைய பக்கத்தைத் திறந்து அதன் இணைய முகவரியை அப்படியே நகலெடுத்து அதே பெட்டியில் ஒட்டுங்கள். இரண்டுக்கும் நீங்கள் உள்நுழைந்திருக்க வேண்டும். வெளியாளாக நின்று தேடினால் உங்கள் வழங்கி இன்னொரு வழங்கியைக் கேட்டுப் பார்க்காது.

ஆள் கிடைத்துவிட்டார், ஆனால் பக்கத்தில் பழைய பதிவுகள் இல்லை என்பதை வைத்து, அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் வழங்கியில் யாரேனும் அவரைப் பின்தொடரத் தொடங்கிய பிறகு வந்தவையே பெரும்பாலும் அங்கே இருக்கும். மூலப் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் அங்கே இருப்பதைக் காணலாம்.

ஒரு சொல்லைத் தேடிப் பதிவு கிடைக்கவில்லை என்பது வேறு சிக்கல். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்துதான், எழுதியவர் சம்மதம் கொடுத்த பொதுப் பதிவுகளை முழுச்சொல் தேடலில் காணமுடிகிறது. சம்மதம் கொடுக்காதவரின் பதிவு கிடைக்காமல் இருப்பது பிழையல்ல, அவர் விருப்பம்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால், இரு வழங்கிகளில் ஒன்று மற்றொன்றைத் தடுத்திருக்கக்கூடும். வழங்கியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் தடைப் பட்டியலைப் பல நிர்வாகிகள் வெளியிடுகிறார்கள். அதில் நண்பரின் வழங்கி இருந்தால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: இருவரில் ஒருவர் வீடு மாற வேண்டும். அதற்கு அறிகுறி 8-ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: எழுதுவது யாருக்கும் போய்ச்சேரவில்லை

உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, உள்நுழையாமல், உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பதிவு அங்கே தெரியவில்லை என்றால் அதன் வெளியீட்டு நிலை ‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்று மாறியிருக்கிறது. ஒருமுறை இயல்புநிலையை மாற்றிவிட்டால் அடுத்த பதிவுகளும் அதையே பின்பற்றும்.

பதிவு தெரிகிறது, ஆனால் புதியவர்கள் எவரும் வருவதில்லை என்றால், அதன் மொழிக் குறியைப் பாருங்கள். கைப்பேசியின் இடைமுகத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ வைத்திருப்பவர் தமிழில் எழுதும்போது, பதிவில் ‘ஆங்கிலம்’ என்ற குறியே ஒட்டிக்கொள்வதை அடிக்கடி கண்டிருக்கிறேன். பொது ஓடையில் தமிழை மட்டும் பார்க்க வடிகட்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பதிவு தெரியவே தெரியாது. மறுபக்கமும் உண்டு: உங்கள் அமைப்புகளில் ஆங்கிலத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், ‘இங்கே தமிழர்களே இல்லை’ என்று நீங்கள் குறைபட்டுக்கொண்டிருப்பீர்கள். இயல்பான பதிவு மொழியைத் தமிழாக மாற்றுங்கள். நம்மவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

மறுமொழிகளின் எண்ணிக்கை உங்கள் திரையில் ஒன்றாகவும் நண்பர் திரையில் வேறாகவும் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு வழங்கியும் தன்னிடம் வந்துசேர்ந்ததையே எண்ணிக் காட்டுகிறது.

அறிகுறி 4: தனியாக எழுதியதை மற்றவர் படித்துவிட்டார்

இந்த அறிகுறியோடு வருபவர்கள்தான் முகம் வாடி வருகிறார்கள்; அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்தச் செய்தியில் மூன்றாம் ஒருவரின் முகவரியை @ குறியோடு எழுதினீர்களா என்று பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சங்கத்தின் பொருளாளரைப் பற்றித் தோழியிடம் குறைசொல்லி எழுதியபோது, யாரைச் சொல்கிறோம் என்பதில் ஐயம் வரக்கூடாது என்று பொருளாளரின் முகவரியையும் சேர்த்தே எழுதிவிட்டார். மாஸ்டடானில் ‘தனிப்பட்ட குறிப்பு’ என்பது கடிதம் போன்றது அன்று. அது குறிப்பிடப்பட்ட அனைவருக்கும் செல்லும் பதிவு. பொருளாளர் மறுமொழியும் எழுதினார், மிகப் பணிவாக. ‘அவர் எப்படித் தம்பி என் கைப்பேசிக்குள் நுழைந்தார்?’ என்று ஆசிரியை கேட்டபோது, அவரை அழைத்தது தாங்கள்தான் என்று சொல்வது எனக்கும் எளிதாக இருக்கவில்லை. மூன்றாமவரைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் என்றால் @ குறியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

அப்படி யாரையும் குறிப்பிடவில்லை, ‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்றே எழுதினேன் என்பவர்கள், தங்கள் பின்தொடர்பவர் பட்டியலைத் திறந்து பாருங்கள். புதிதாகப் பின்தொடர்பவர்களை நீங்களே ஏற்றுக்கொள்ளும்படி அமைக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் பின்தொடர் பொத்தானைத் தொட்டு உள்ளே வந்து, அந்தப் பதிவுகளைப் படிக்க முடியும். வாசலில் திரை மட்டும் தொங்குகிறது, கதவு இல்லை. அமைப்புகளில் பின்தொடர் கோரிக்கைகளை ஏற்கும் விருப்பத்தை இயக்கிவிட்டு, பட்டியலில் தெரியாதவர்களை நீக்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால், மூன்றாவது வாய்ப்பு: உங்கள் வழங்கியின் நிர்வாகியும், பெறுபவர் வழங்கியின் நிர்வாகியும் அச்செய்தியைப் படிக்க முடிகிற இடத்தில் இருக்கிறார்கள். படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாஸ்டடானின் தனிச்செய்திகள் இரு முனைகளுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தின் நேரடிச் செய்திகளும் அவ்வாறே. வெளியே தெரியக்கூடாத பேச்சுக்குச் சிக்னல் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது நாம் புலனம் என்றழைக்கும் வாட்ஸ்அப்பையாவது.

அழித்துவிட்டால் போதுமா? பதிவை அழித்தால், அதைப் பெற்ற வழங்கிகளுக்கெல்லாம் ‘அழிக்கவும்’ என்ற கோரிக்கை செல்கிறது. ஒழுங்காக நடத்தப்படும் வழங்கிகள் கீழ்ப்படியும். அணைந்துகிடக்கும் வழங்கியும், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவைத்தவரின் கைப்பேசியும் கீழ்ப்படியாது.

*எப்போது வெளியுதவி தேவை*

வெளியானது வம்புப் பேச்சாக இருந்தால் மன்னிப்புக் கேட்டால் தீரும். மைகாட் எனப்படும் மலேசிய அடையாள அட்டையின் படமோ எண்ணோ வெளியாகியிருந்தால் நிலைமை வேறு. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். தொலைபேசியில் ‘உங்கள் பிறந்த தேதியைச் சொல்லி உறுதிசெய்யுங்கள்’ என்று கேட்கும் இடங்களில் பாதிச் சாவியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.

அறிகுறி 5: வழங்கியின் பக்கமே திறக்கவில்லை

வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் தரவில் திறந்து பாருங்கள். இந்த ஒரு சோதனையே பாதையைப் பிரித்துவிடும்.

*இரண்டிலும் திறக்கவில்லை என்றால்* வழங்கி பராமரிப்பில் இருக்கலாம். வெளிநாட்டில் உள்ள நிர்வாகியின் நள்ளிரவு, நமக்கு நண்பகலாக இருக்கக்கூடும். ஒரு நாள் பொறுங்கள். செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதால் ஒன்றும் ஆகாது. உள்நுழையும் தொல்லைதான் கூடும்.

*கைப்பேசித் தரவில் மட்டும் திறந்தால்* மோடத்தை அணைத்து இயக்குங்கள். பிறகும் திறக்காவிட்டால், இணையப் பெயர்களை எண்களாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் சிக்கல் இருக்கக்கூடும். 2024 செப்டம்பரில் இங்கே ஒரு வாரம் எல்லோரும் டிஎன்எஸ் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பணிப்பின்படி, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற வெளிச் சேவைகளுக்குச் செல்லும் வினவல்களை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த வழங்கிகளுக்குத் திருப்பிவிடத் தொடங்கின. எதிர்ப்புக் கிளம்பியதும், அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்திவைக்கச் சொன்னார். அந்த வாரத்தில் சிலர் கண்டதையெல்லாம் மாற்றிவைத்துவிட்டு, எதை மாற்றினோம் என்பதை மறந்துவிட்டார்கள். அவர்களுக்குத்தான் அடுத்த பத்தி.

*வைஃபை இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, குறிப்பாகத் தங்கும் விடுதியிலும் விமான நிலையத்திலும்* என்றால், ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்ற இடத்தில் ஒரு பெயரை உள்ளிட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த வைஃபையின் வரவேற்புப் பக்கம் தோன்றுவதை அது தடுத்துவிடும். ‘தானியங்கி’ என்று மாற்றி, உள்ளே சென்றபின் பழையபடி வைத்துக்கொள்ளலாம். இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். இலவச விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் இணைய நடமாட்டம் முழுவதையும் பெயர் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பாதுகாப்பு என்று நான் எண்ணவில்லை.

அறிகுறி 6: என் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்கள்

பதற்றத்தில் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற ஓடுகிறார்கள். அதற்கு முன் அந்தப் பதிவின் முழு முகவரியைப் படியுங்கள்.

*வழங்கியின் பெயர் வேறாக இருந்தால்* உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் படத்தையும் பெயரையும் எடுத்து வேறு தாமானில் ஒருவர் வீடு பிடித்திருக்கிறார். அந்தக் கணக்கைப் புகார் செய்யும்போது, புகாரை அங்குள்ள நிர்வாகிக்கும் அனுப்பும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை விட்டுவிட்டால் புகார் உங்கள் நிர்வாகியோடு நின்றுவிடும்.

*முகவரி உங்களுடையதே என்றால்* கணக்கு அமைப்புகளில் உள்ள உள்நுழைவுப் பட்டியலைத் திறந்து, நீங்கள் அறியாத உலாவிகளை வெளியேற்றுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். பலரும் தவறவிடும் மூன்றாவது வேலை, அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல். என்றோ ஒருநாள் ‘உங்கள் ஆண்டுச் சுருக்கம்’ காட்டுவதாகச் சொன்ன ஏதோ ஒரு கருவிக்கு எழுதும் உரிமையையும் கொடுத்திருப்பீர்கள். அதையும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் இதற்கு இணையானது ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியல்; மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை என் அம்மாவுக்கே பழக்கிவிட்டேன்.

*அந்தப் பெயரில் யாரிடமாவது பணம் கேட்கப்பட்டிருந்தால்* நான் உட்பட எந்தக் கணினிக்காரனையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பணம் அனுப்பியவர் உடனே தம் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். திரைப்பிடிப்புகளைச் சேகரிப்பது பிறகு.

அறிகுறி 7: மேட்ரிக்ஸில் ‘மறைநீக்க முடியவில்லை’, ப்ளூஸ்கையில் ‘முகவரி செல்லாது’

எங்கள் வட்டத்தில் சிலர் குழு அரட்டைக்கு மேட்ரிக்ஸ் வலையமைப்பின் எலிமெண்ட் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். புதிய கைப்பேசியில் உள்நுழைந்ததும் பழைய செய்திகள் எல்லாம் பூட்டுக் குறியோடு நிற்கும். பழைய கைப்பேசி கையில் இருந்தால் இரண்டையும் அருகில் வைத்து, புதியதைப் பழையதிலிருந்து சரிபாருங்கள். சற்று நேரத்தில் திறந்துவிடும். பழையது இல்லையென்றால், நான்கு நான்கு எழுத்துகளாக 12 தொகுதிகள் கொண்ட மீட்புச் சாவியை உள்ளிட வேண்டும். அதுவும் இல்லையென்றால், கூட இருந்த நண்பரிடம் பழைய பேச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாவி வழங்கியில் படிக்கத்தக்க வடிவில் இல்லாததால் நிர்வாகியாலும் உதவ முடியாது. இதைத் திறந்துதருவதாக எந்தக் கடையாவது 200 ரிங்கிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ப்ளூஸ்கையில் சொந்த டொமைனையே (இணையத்தளப் பெயரையே) முகவரியாக வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘செல்லாத முகவரி’ என்று தோன்றும். டொமைன் புதுப்பிக்கப்படவில்லை என்பதே நான் கண்ட வழக்கமான காரணம். அடுத்தது, இணையத்தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றியபோது டிஎன்எஸ் பட்டியலில் இருந்த டிஎக்ஸ்டி பதிவு விடுபட்டுப்போவது. பதிவுகளும் பின்தொடர்பவர்களும் பெயரோடு அல்ல, மாறாத ஓர் அடையாள எண்ணோடு கட்டப்பட்டவை என்பதால் எதுவும் தொலைந்துவிடாது. டொமைனைப் புதுப்பித்தால், அல்லது அந்த டிஎக்ஸ்டி பதிவை மீண்டும் சேர்த்தால் போதும்.

அறிகுறி 8: வழங்கி மூடப்போகிறது, அல்லது மூடியேவிட்டது

*முன்னறிவிப்பு வந்திருந்தால்* அன்றே தொடங்குங்கள். மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள் மூடுவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன் அறிவிப்பதாக உறுதியளித்தவை; மற்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இடம் மாறும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் புதிய வழங்கியில் கணக்குத் திறந்து, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை ‘இதுவும் நானே’ என்று பதியுங்கள். பிறகுதான் பழைய கணக்குக்குச் சென்று புதிய முகவரிக்கு மாறுவதாக அறிவிக்க வேண்டும். முதல் படியைச் செய்யாமல் இரண்டாவதைத் தொட்டால் பிழை வரும். பலரும் அந்தப் பிழையோடுதான் என்னிடம் வந்தார்கள். ஒருமுறை மாறியபின் 30 நாள்களுக்கு மீண்டும் மாற முடியாது என்பதால், அவசரத்தில் கண்ணில் பட்ட வழங்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய முகவரிக்கு வந்துசேர்வார்கள். ஒரு நாள் வரை ஆகலாம். நீங்கள் பின்தொடரும் பட்டியல், தடைப் பட்டியல், நினைவுக்குறிகள் ஆகியவற்றைப் பழைய கணக்கிலிருந்து சிஎஸ்வி எனப்படும் அட்டவணைக் கோப்புகளாக இறக்கி, புதிய கணக்கில் ஏற்ற வேண்டும். பதிவுகள் மட்டும் வராது. அவற்றின் தொகுப்பை 7 நாளுக்கு ஒருமுறை கேட்டுப் பெறலாம் என்றாலும், புதிய வழங்கியில் அதை ஏற்றும் வசதி மாஸ்டடானில் இல்லை. கணினியில் வைத்துப் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

*அறிவிப்பின்றி மூடிவிட்டால்* பழைய கணக்குக்குள் நுழைய வழியில்லாததால் பின்தொடர்பவர்களை நகர்த்த முடியாது. முதலில், நிர்வாகிக்கு வேறெங்காவது கணக்கு இருக்கிறதா என்று நண்பர்களிடம் விசாரியுங்கள். டொமைனைப் புதுப்பிக்க மறந்திருந்தால் சில நாள்களில் வழங்கி திரும்பி வரவும் கூடும். இரண்டு வாரம் கடந்தும் சத்தமில்லை என்றால் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். 2024-இல் எங்களில் நால்வர் இருந்த ஒரு சிறிய வழங்கி அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அணைந்து, பிறகு எழவே இல்லை. மூவர் தங்கள் நண்பர்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேகரித்தார்கள். நான்காமவர், எப்போதோ என் நச்சரிப்பைத் தாங்காமல் இறக்கிவைத்திருந்த சிஎஸ்வி கோப்பைத் தமது மின்னஞ்சலில் கண்டெடுத்தார். அது எட்டு மாதப் பழையது. புதிய வழங்கியில் அதை ஏற்றிவிட்டு, தே தாரேக் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கோப்பை வந்து சேர்வதற்குள் முதல் பதினைந்து பேர் அவருடைய பட்டியலில் திரும்பியிருந்தார்கள்.